கடலடியில் கிடைத்த கண்ணாடிச் சித்திரங்கள்

நீரில் மூழ்கிய ஒரு பழங்காலக் கட்டடம். அதன் சுவரோரமாகச் சாய்த்து வைத்த மரப்பெட்டிகள். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக எவரும் அவற்றைப் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும்?

கிரேக்க நாட்டில், கொரிந்து நகரின் பழைய துறைமுகமான கெங்கிரேயாவில் 1960களில் அகழ்வாய்வு செய்தவர்கள் கண்ட காட்சி இது. பெட்டிகளில் இருந்தவை நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணாடிச் சித்திரப் பலகைகள். ரோமப் பேரரசின் காலத்தில், கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுவரில் பொருத்துவதற்காக வந்தவை. பொருத்தப்படாமலே கடலில் மூழ்கியவை. தாமரை, நீர்ப்பறவைகள், கவிஞர் ஹோமர், தத்துவ ஞானி பிளேட்டோ ஆகிய உருவங்கள் அவற்றில் இருந்தன.

இவை ஓவியங்கள் அல்ல. வண்ணம் பூசப்பட்டவையும் அல்ல. பறவையின் இறகு வேண்டுமானால், இறகின் வடிவிலேயே வண்ணக் கண்ணாடியை வெட்டிப் பதிப்பார்கள். சலவைக்கல்லிலும் ரோமானியர் இவ்வேலையைச் செய்தனர். ஆனால் கல்லில் கிடைக்காத நிறங்களைக் கண்ணாடி தந்தது.

எப்படித் தந்தது? கண்ணாடியின் மூலப்பொருள் மணல். அது தனியே உருக 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அன்றைய உலைகளால் அது இயலாது. எகிப்தில் கிடைத்த நேட்ரான் என்னும் சோடா உப்பைச் சேர்த்தால், ஏறத்தாழ 1,100 டிகிரியிலேயே கண்ணாடி உருவாகிவிடும். மணலில் கலந்திருந்த கிளிஞ்சல்களின் சுண்ணாம்பு அதற்கு உறுதி அளித்தது. இவ்வாறு செய்த கண்ணாடிக் கட்டிகள் கப்பல்களில் நெடுந்தூரம் சென்றன. நம் முசிறித் துறைமுகத்துக்கும் அவை வந்ததாகப் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல் கூறுகிறது.

உருகிய கண்ணாடியில் சிறிது கோபால்ட்டு சேர்த்தால் கருநீலம் கிடைக்கும். செம்பு சேர்த்தால் பசுநீலம். அதே செம்பு, உலையில் ஆக்ஸிஜன் குறைந்த நிலையில் சிவப்பாக மாறும். ஆன்டிமனியும் ஈயமும் சேர்ந்து மஞ்சளைத் தரும்.

நுண்ணிய உருவங்களுக்கு ஓர் அருமையான உத்தி இருந்தது. வெண்டைக்காயை நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரே கோலம் தெரிகிறதல்லவா? அதுபோல, குறுக்குவெட்டில் பாதி முகம் தெரியும்படி வண்ணக் கண்ணாடிக் கோல்களை அடுக்கிச் சூடாக்குவார்கள். இளகியதும், சவ்வு மிட்டாயை இழுப்பதுபோல் நீளமாக இழுப்பார்கள். கோல் மெலியும், உருவமும் விகிதம் மாறாமல் சிறுக்கும். பிறகு வில்லைகளாக நறுக்கி, ஒன்றைத் திருப்பி மற்றொன்றின் அருகில் வைத்தால் முழு முகம் தயார்!

கெங்கிரேயாவின் பலகைகள் பளபளப்புடன் கிடைத்தனவா? இல்லை. கண்ணாடியை எளிதில் உருகச் செய்த அதே சோடாவை நீர் மெல்ல மெல்லக் கரைத்து வெளியேற்றிவிட்டது. நிறங்கள் மங்கின, கண்ணாடி ஏடு ஏடாக உதிர்ந்தது. முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கியிருந்த பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாயிற்று.

ஆயினும் ஒரு நன்மை உண்டு. சுவரில் பொருத்தியிருந்தால் பலகையின் பின்புறத்தை நாம் கண்டிருக்க முடியாது. பானை ஓடுகளைப் பரப்பி, மரப்பிசின் கலந்த சாந்தினால் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிய முறை அதனால்தான் தெரியவந்தது. வேலை முடியாமல் நின்றுபோன ஒரு கட்டடம், அவ்வேலை நடந்த விதத்தை நமக்குக் கற்பிக்கிறது. இப்பலகைகளை இன்று அருகிலுள்ள இஸ்த்மியா அருங்காட்சியகத்தில் காணலாம்.