காந்தமே உயிர்நாடியான நட்சத்திரங்கள்

மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளிலிருந்து மிளகும் சுக்கும் ஏற்றிக்கொண்டு அரபிக்கடலில் இறங்கிய கப்பல்களுக்கு, கரை கண்ணுக்கு மறைந்தபின் வழித்துணையாக நின்றவற்றுள் திசைகாட்டியின் ஊசியும், அதை வடக்கு நோக்கித் திருப்பும் பூமியின் காந்த சக்தியும் முக்கியமானவை. எத்தனையோ தேசங்களின் வாணிபத்துக்கு உதவிய அந்தச் சக்தியைக் கொச்சியில் அளந்து பார்த்தால், காந்த வலிமையின் அலகான காஸ் கணக்கில், அரை காஸுக்கும் குறைவாகவே இருக்கிறது. அதே சக்தி நூறு லட்சம் கோடி காஸ், ஆயிரம் லட்சம் கோடி காஸ் என்று பெருகி நிற்கும் வான்பொருள்களும் பிரபஞ்சத்தில் உண்டு. மாக்னட்டார் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் அவற்றில் சுமார் முப்பதே இதுவரை தெரியவந்திருக்கின்றன.

அவற்றின் ஜனனம் வேறொரு நட்சத்திரத்தின் மரணத்தில் ஆரம்பமாகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ஆம் ஆண்டு தம் பத்தொன்பதாம் வயதில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்றபோது, எரிந்து ஓய்ந்த நட்சத்திரம் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டென்று கணித்தறிந்தார். அந்த எல்லை சூரியனின் பாரத்தைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. பெருநட்சத்திரம் ஒன்றின் எரிபொருள் தீர்ந்து, அதன் இரும்புக் கரு இந்த எல்லையைத் தாண்டும்போது, ஆகர்ஷண சக்தியை எதிர்த்து நிற்க வலுவின்றிக் கரு ஒரு வினாடிக்குள் உள்நோக்கிச் சரிகிறது. எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் நெருக்குண்டு நியூட்ரான்களாகின்றன. வெளிப்பகுதி மாபெரும் வெடிப்பாகச் சிதறுகிறது. எஞ்சும் நியூட்ரான் நட்சத்திரம் சூரியனைவிடக் கனமானது. அதன் குறுக்களவோ மட்டாஞ்சேரியிலிருந்து ஆலுவா வரையுள்ள தூரந்தான்.

இவ்வகை நட்சத்திரங்கள் பலவும் தம் சுழற்சியின் வேகத்தைச் செலவிட்டே பிரகாசிக்கின்றன. மாக்னட்டாரின் ஜீவனமோ அதன் காந்தத்தில் இருக்கிறது. காந்த வலிமை மேற்புற ஓட்டை முறுக்கி உடைக்கும்போது எக்ஸ் கிரணங்களும் காமா கிரணங்களும் பீறிடுகின்றன. தனுசு மண்டலத்திலுள்ள எஸ்.ஜி.ஆர். 1806–20 என்ற பொருள் ஏழரை வினாடிக்கொரு முறை சுழல்வதையும், அந்தச் சுழற்சி தளர்ந்துவருவதையும் 1998-இல் கிறிஸ்ஸா குவெலியோட்டுவும் அவருடைய சகாக்களும் அளந்து, அதன் காந்தம் சுமார் எண்ணூறு லட்சம் கோடி காஸ் என்று நிறுவினர்.

சுனாமி தமிழகக் கரையையும், கொச்சிக்கு எதிரே வைப்பின் தீவின் எடவனக்காட்டையும் தாக்கி இரண்டு நாள்கூட நிறையாத 2004 டிசம்பர் 28 அதிகாலை மூன்று மணிக்கு, அதே நட்சத்திரத்தின் பேரொளி பூமியை வந்தடைந்தது. சூரியன் பல பதினாயிரம் ஆண்டுகளில் வெளியிடும் சக்திக்கு மேற்பட்டது ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கில் வெளிப்பட்டிருந்தது. தனுசு அப்போது நமக்கு அடிவானத்தின் கீழே இருந்தபடியால், பசிபிக் சமுத்திரத்தின் பக்கமே அதை நேரே ஏற்றது. அங்கே வாயுமண்டலத்தின் மேலடுக்கு அயனிகளால் நிறைந்து கலங்கிற்று. அவ்வொளி பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து புறப்பட்டது. ஆகவே சுனாமிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இத்தனை காந்தம் எங்கிருந்து வந்தது? 1992-இல் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்ஸனும் ஒரு விடை கூறினர்: பிறந்த சில வினாடிகள், வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் சிசு நட்சத்திரத்தின் கொதிக்கும் திரவம், மின்னாக்கி இயந்திரத்தைப் போலத் தன் காந்தத்தைத் தானே பெருக்கிக்கொள்கிறது. மற்றொரு விடை பரம்பரைச் சொத்தைப் பற்றியது: முன்பே காந்தம் மிகுந்திருந்த நட்சத்திரம் சுருங்கும்போது, பரந்த பரப்பில் ஓடிய காந்தக் கோடுகள் குறுகிய பரப்பில் நெருங்குகின்றன, விட்டம் பத்தில் ஒன்றானால் வலிமை நூறு மடங்காகும். 2023-இல், சுமார் 3,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்.டி. 45166 என்ற ஹீலியம் நட்சத்திரத்தில் 43,000 காஸ் காந்தத்தை டோமர் ஷெனாரும் அவர் குழுவினரும் கண்டறிந்தது இவ்விடைக்கு வலுவூட்டியது; அது சரிந்தால் மாக்னட்டாருக்குரிய வலிமை தானே அமைந்துவிடும்.

இரு வழிகளும் உண்மையாக இருக்கலாம். ஆயினும் எந்த வழி எத்தனை மாக்னட்டார்களைப் பெற்றெடுத்தது என்பதை, வெடித்தபின் எஞ்சும் உருவத்திலிருந்து மட்டும் தீர்மானிக்க இயலாது. ஆதலின், இன்னும் வெடிக்காமல் எரிந்துகொண்டிருக்கும் பெருநட்சத்திரங்களின் காந்தத்தை ஒவ்வொன்றாக அளந்து வைப்பதே இத்துறையில் இன்று செய்யத்தக்க தலையாய பணி.