கண்ணின் குற்றமா? கருவியின் குற்றமா?

எழுத்தின் ஒலியளவை வரையறுக்கப் புகுந்த தொல்காப்பியனார், மாத்திரை என்னும் கால அளவுக்கு இரண்டே கருவிகளைக் கைக்கொண்டார். ஒன்று கண்ணின் இமைப்பு. மற்றொன்று கைவிரலின் நொடிப்பு. பின்வந்த நன்னூலார் அவ்வளவையை ஏற்றுக்கொண்டபோதும், அவை இயல்பாக எழுவனவாதல் வேண்டும் என்னும் வரையறையையும் சேர்த்தே கூறினார். அந்த ஒரு சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் யான் சற்றே நின்று செல்வது வழக்கம். நோயுற்றவனின் இமைப்பும் அஞ்சினவனின் இமைப்பும் அளவாகா. அளக்கப்படும் பொருளை நோக்குமுன், அளக்குங் கருவி செவ்விதாக உள்ளதா என்று நோக்குக என்பதே அச்சொல்லின் உட்கிடை.

இற்றைக்கு அவ்விமைப்பையே கூறுகூறாகப் பகுத்து ஆராயும் ஒரு துறை வளர்ந்துள்ளது. கட்புல ஆய்வு என்பது அதன் பெயர். கணனித் திரையில் ஓர் எழுத்தையோ ஒளிப்பொட்டையோ மிகச் சிறு பொழுது காட்டி, கண்டவர் எத்துணை விரைவாக, எத்துணைத் திருத்தமாக அதனை அறிந்தார் என அளப்பது அத்துறையாரின் முறை. ஓர் இமைப்பு ஏறத்தாழச் செக்கனின் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை நீடிக்கும். செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் அதற்குள் 6 முதல் 24 படங்கள் வந்து போய்விடும். அவற்றுள் ஒரேயொரு படத்தின் காலமே இவ்வாய்வாளர்க்கு அலகு.

கண்டியில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி இப்பொழுது இத்துறையில் ஈடுபட்டிருக்கின்றாள். பரிசோதனைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவேண்டிய அறிவுறுத்தலை எளிய தமிழில் எழுதித் தருமாறு கேட்டு வந்தாள். ‘பொட்டுத் தோன்றியவுடன் விசையை அழுத்துக’ என்று யான் எழுதியதை வாசித்தவள், “ஐயா, அது எப்பொழுது தோன்றியது என்பதுதானே எங்களுடைய பெரிய வழக்கு!” என்று நகைத்தாள். ‘காட்டிவிட்டேன்’ என்று கணனி சொல்லும் பொழுதும், ஒளி மெய்யாகத் திரையில் எழும் பொழுதும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை என்றும், அவ்விரண்டுக்கும் இடையே நின்று குழப்பம் விளைப்பது பெரும்பாலும் கணனியின் வீடியோ அட்டையும் அதனை ஆளும் நிரல்களுமே என்றும் அவள் விளக்கினாள். அவளிடம் கேட்டும் பின்னர் வாசித்தும் அறிந்தவற்றை, ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

புகையிரதம் தவறிய படம்

வீடியோ அட்டை என்பது கணனியின் படம் வரையும் உறுப்பு. அது இரண்டு கரும்பலகைகளை வைத்திருக்கும் ஆசிரியரைப் போன்றது. ஒரு பலகை மாணாக்கரை நோக்கி நிற்கும். மற்றதில், மறைவாக, அடுத்த பாடம் எழுதப்படும். எழுதி முடிந்ததும் பலகைகள் இடம் மாறும். ஆனால் நினைத்த வேளையில் மாற்றலாகாது. திரையானது மேலிருந்து கீழாக வரிவரியாகப் புதுப்பிக்கப்படுகின்றது. கடைசி வரி முடிந்து மீண்டும் முதல் வரி தொடங்குமுன் உள்ள சிற்றிடைவேளையிலேயே பலகை மாறவேண்டும். நடுவில் மாறினால், மேற்பாதியில் பழைய படமும் கீழ்ப்பாதியில் புதிய படமுமாகத் திரை கிழிந்தாற்போலத் தோன்றும்.

60 ஹேர்ட்ஸ் திரையில் இந்த இடைவேளை 16.7 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வரும்; 100 ஹேர்ட்ஸ் திரையில் 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. படம் வரைந்து முடிய ஒரு மில்லிசெக்கன் பிந்தினால் என்ன ஆகும்? கண்டிப் புகையிரத நிலையத்துக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தவர் ஒரு நிமிடம் மட்டுமா காத்திருக்கின்றார்? அடுத்த வண்டி வரும்வரை நிற்கின்றார். படமும் அவ்வாறே அடுத்த இடைவேளை வரை நிற்கும். அதற்குள் பழைய படம் 16.7 மில்லிசெக்கனுக்குப் பதிலாக 33.3 மில்லிசெக்கன் திரையில் நின்றுவிடும். இதனைப் படம் தவறுதல் என்பர்.

விளைவு இருவகைப்படும். ஒரு படக் காலமே காட்டவேண்டிய எழுத்து இரு மடங்கு நேரம் நின்றால், பார்ப்பவன் தன் ஆற்றலுக்கு மேற்பட்ட புள்ளி பெறுவான். காட்டவேண்டிய பொட்டே பிந்தி எழுந்தால், விரைவாக அழுத்தியவனும் மந்தன் எனப்படுவான். கண்டவனோ தவறு செய்யவில்லை. கருவியின் பிழை அவன் கணக்கில் எழுதப்படுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். கண்டி நகரப் பாடசாலை ஒன்றிலே நல்ல மேசைக் கணனி கொண்டு பிள்ளைகளின் மறுவினைக் காலத்தை அளக்கின்றனர் என்க. அடுத்து, 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் அமைந்த தெல்தோட்டைப் பக்கத்திலே, தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு மேசைக் கணனியைச் சுமந்து செல்ல இயலாமையால் மடிக்கணனி ஒன்றைக் கொண்டுபோகின்றனர் என்க. ஒளியைக் கண்டு விசையை அழுத்த மனிதர்க்கு ஏறத்தாழ 250 மில்லிசெக்கன் செல்லும். மடிக்கணனி இரண்டு படக் காலம் பிந்திக் காட்டுமாயின், தோட்டப் பிள்ளை ஒவ்வொருவர் கணக்கிலும் 33 மில்லிசெக்கன் கூடுதலாக ஏறும். அஃது எட்டில் ஒரு பங்குக்கும் மேல். ‘தோட்டத்துப் பிள்ளைகள் மந்தமானவர்கள்’ என்று ஓர் அட்டவணை பேசத் தொடங்கும். அப்பிள்ளைகளைப் பற்றி நாட்டில் முன்னமே உலவிய தவறான எண்ணங்கள் போதாவோ? அவற்றுக்கு விஞ்ஞானத்தின் முத்திரையும் வேண்டுமோ?

நோய்நாடல்

இத்தகைய பிழை புகும் வாயில்கள் பல. விண்டோஸ் முதலிய இயங்குதளங்களில், எல்லாச் சாளரங்களையும் ஒன்றாகக் கோத்துக் காட்டும் பணியாளன் ஒருவன் இடையில் நிற்கின்றான். பரிசோதனைப் படமும் அவன் கைவழிச் சென்றால் பிந்தக்கூடும். ஆதலின் பரிசோதனை திரை முழுவதையும் தனக்கே உரிமையாக்கிக்கொண்டு நடைபெறவேண்டும். வேறுவேறு வேகத்தில் புதுப்பிக்கப்படும் இரண்டு திரைகளை ஒரே கணனியில் இணைத்தால், அட்டை எந்தத் தாளத்துக்கு ஆடுவது என்று தடுமாறும். மடிக்கணனிகள் பலவற்றில் இரண்டு வரைவுறுப்புகள் உள. ஆற்றல் மிக்கது வரைந்த படத்தை எளியது வாங்கித் திரைக்கு அனுப்பும். கைமாறுந்தோறும் காலம் செல்லும். அட்டையின் அமைப்புப் பக்கத்தில், இடைவேளைக்குக் காத்திருத்தல் என்னும் ஒழுங்கை யாரேனும் நிறுத்திவைத்திருக்கலாம். விளையாட்டு விரும்பிகளுக்கு அது நன்மை; ஆய்வாளர்க்குக் கேடு. மின்சாரத்தைச் சேமிக்கும் ஏற்பாடு அட்டையின் வேகத்தைக் குறைக்கலாம். பின்னணியிலே நடக்கும் இற்றைப்படுத்தலும் வைரசுத் தேடலும் இடையிடையே குறுக்கிடலாம். பெரிய படங்களைக் காட்டும் நொடியிலே ஏற்றாமல், முன்கூட்டியே அட்டையின் நினைவகத்தில் ஏற்றிவைத்தல் வேண்டும்.

இவற்றுள் எது குற்றவாளி என்று அறிவது எங்ஙனம்? 1997ஆம் ஆண்டில் டேவிட் பிரேனார்டும் டெனிஸ் பெல்லியும் கட்புல ஆய்வாளர்க்கென எழுதிய நிரல்கள் பற்றித் தனித்தனிக் கட்டுரைகள் வெளியிட்டனர். அம்மரபில் வந்த சைக்டூல்பொக்ஸ் என்னும் நிரற்றொகுதி இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. அதன் மூன்றாம் பதிப்பை மாரியோ கிளைனர் முன்னின்று வளர்த்தார். பரிசோதனை தொடங்குமுன் அது தன்னைத்தானே சோதிக்கும்: திரையின் தாளத்தை அளக்கும், பலகை மாறும் வேளை அத்தாளத்தோடு ஒத்துவருகின்றதா என்று நோக்கும், ஒவ்வாதாயின் ‘ஒத்திசைவு இல்லை’ என்று எச்சரித்து நின்றுவிடும்.

இங்குதான் மனித இயல்பு வெளிப்படுகின்றது. அச்சோதனையைத் தாண்டிச் செல்லவும் அந்நிரலில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு வரி எழுதினாற் போதும்; எச்சரிக்கை தடையாகாது; பரிசோதனை ஓடும். நிரலை எழுதிப் பழகும் வேளைக்கு அது உதவும். ஆய்வுக்கு அதனைக் கையாள்வது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பதை ஒக்கும். “எச்சரிக்கை வந்த நாள்தான் ஐயா, வேலை தொடங்கும் நாள்” என்பாள் என் மாணவி.

அவள் கைக்கொள்ளும் முறை எளிது. வேண்டாத நிரல்களை மூடுவாள். இரண்டாந் திரையைக் கழற்றுவாள். திரையை அதன் இயல்பான துல்லியத்தில் வைப்பாள். அட்டையின் இயக்கி நிரலைப் புதிதாக நிறுவுவாள். அமையாவிடின், அந்நிரலை ஆக்குவோர் பரிந்துரைக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவாள். ஆயின் இவற்றை ஒருசேரச் செய்வதில்லை. ஒன்றை மாற்றுவாள், ஆயிரம் படங்கள் ஓடவிடுவாள், ஒவ்வொரு பலகை மாற்றத்தின் வேளையையும் நிரல் குறித்துக்கொள்ளும், தவறியவற்றை எண்ணுவாள், அதன் பின்னரே அடுத்ததை மாற்றுவாள். நோய்நாடி, நோயின் முதல்நாடும் ஒழுங்கு அது.

கணனியின் சொல்லும் ஒளியின் சாட்சியும்

அவ்வளவிலும் அவள் அமைவதில்லை. நிரல் குறித்த வேளையும் கணனியின் வாக்குமூலமே அன்றோ? ஆகவே ஒளியை உணர்ந்து மின்னோட்டமாக மாற்றும் சிறு உணரி ஒன்றைத் திரையின்மேல் ஒட்டி, ஒளி எழுந்த வேளையைத் தனியே பதிவு செய்வாள். இதற்கு அறை இருளாயிருத்தல் நன்று. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய வகைக் குழல்விளக்கு அதனாற் செக்கனுக்கு 100 முறை மினுக்கும். அம்மினுக்கமும் பதிவிலே கலந்துவிடும். உணரியை ஒட்டும் இடமும் கருதத்தக்கது. 60 ஹேர்ட்ஸ் திரையில் மேல் வரி ஒளிர்ந்து ஏறத்தாழ 8 மில்லிசெக்கன் சென்ற பின்னரே நடு வரி புதுப்பிக்கப்படும்.

இவ்வாறு அளந்தபின் ஓர் உண்மை புலப்படும். தாமதம் இருவகை: மாறாத் தாமதம், மாறுந் தாமதம். எப்போதும் 20 மில்லிசெக்கன் பிந்தும் கணனியோடு வாழலாம். கணக்கில் 20 கழித்தாற் போதும். ஒருமுறை 5, ஒருமுறை 40 எனப் பிந்தும் கணனியை எந்தக் கணக்காலும் திருத்த இயலாது.

காலத்தைப் போலவே ஒளியின் அளவிலும் ஏமாற்றம் உண்டு. சாதாரண அட்டை கருமை முதல் வெண்மை வரை 256 படிகளையே காட்டும். அரிதிற் புலப்படும் மெல்லிய நிழலை ஆராய்வார்க்கு அப்படிகள் போதா. 1,024 படிகளோ மேலுமோ வேண்டும். அன்றியும் நடுப்படியைக் கேட்டால் நடுவொளி கிடைப்பதில்லை. வழக்கமான திரை உச்ச ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காடே தரும். தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், நிழற்சாயலைக் கொண்டே மேடு பள்ளங்களை நம் மூளை உணரும் விதம் பற்றி 1988இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஒளி மேலிருந்து வருவதாகவே மூளை கொள்கின்றது. அதனால் மேற்புறம் வெளுத்த வட்டம் மேடாகவும், கீழ்ப்புறம் வெளுத்த வட்டம் பள்ளமாகவும் தோன்றும். இத்தகைய நுண்சாயல்களைக் காட்டப் புகுவோர், திரையின் ஒளியை ஒளிமானி கொண்டு படிப்படியாக அளந்து திருத்தாவிடின், தாம் எண்ணியது ஒன்று, பிள்ளையின் கண்ணுக்குச் சென்றது வேறொன்று ஆகிவிடும்.

பழைய வழக்கொன்று

1796ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கிறீனிச் வானாய்வகத்தில் நிகழ்ந்ததை விஞ்ஞான வரலாறு மறக்கவில்லை. விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் வேளையைக் கண்ணாற் கண்டு, கடிகார ஒலியைக் காதாற் கேட்டுக் குறிப்பது அக்கால முறை. உதவியாளர் கின்னபுரூக் குறித்த வேளை, தலைமை வானியலாளர் மாஸ்கெலினின் வேளைக்கு 0.8 செக்கன் பிந்தியது. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் ஜெர்மானிய அறிஞர் பெசல் அச்செய்தியை வாசித்து ஆராய்ந்தபோது, தேர்ந்த வானியலாளர் இருவர்க்கிடையிலும் அத்தகைய வேறுபாடு உண்டு என்பது தெரியவந்தது. ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு, வேறுபாட்டை அளந்து, கணக்கில் கழிப்பதே முறை என்று உலகம் கற்றுக்கொண்டது. கின்னபுரூக்குக்கு அவ்வறிவு காலங்கடந்தே வந்தது.

அன்று அளவுகோலாகக் கொள்ளப்பட்டவர் ஒரு தலைவர். இன்று அளவுகோல் ஒரு கணனி. மனிதரைவிடப் பொறி நடுவுநிலை உடையது என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. பொறிக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்பது மெய்யே. பிழை இல்லை என்பது அதனாற் பெறப்படாது. விருப்பு வெறுப்பின்றி ஒரே தவறை ஆயிரம் பிள்ளைகளுக்கும் இழைக்க வல்லது அது.

ஆதலின் இத்துறையிற் புகும் இளைஞர்க்கு ஒன்று கூறுவேன். எந்தக் கணனி, எந்த அட்டை, எந்தத் திரை, எத்தனை படங்கள் தவறின, ஒளி எவ்வளவு பிந்தி எழுந்தது என்பவற்றை முடிவுகளோடு சேர்த்தே எழுதுக. வாசிப்போர் அப்போதுதான் கண்ணின் குணத்தையும் கருவியின் குணத்தையும் வேறுபடுத்தி அறிவர். ஆசிரியத் தொழில் புரியும் நண்பர்களுக்கும் இதிற் பங்குண்டு. வகுப்பு முழுவதும் ஒரு வினாவுக்குத் தவறாக விடை எழுதியிருந்தால், சிவப்பு மையைத் தொடுமுன் அவ்வினாவை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிள்ளையை அளக்கும் உரிமை, அளவுகோலை அளந்து பார்த்தவர்க்கே உரியது.