காயிலைத் தின்னும் காற்று

கன்னியாகுமரிக் கரையில் வட்டக்கோட்டையின் மதில் மேல் ஏறி நின்றால், கடல் நேராகக் கீழே வந்து சுவரில் அடிக்கிறது. 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியாகிவிட்ட டிலனாயின் மேற்பார்வையில், மார்த்தாண்ட வர்மா காலத்தில் உருவம் பெற்ற கோட்டை இது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக உப்புக்காற்று வாங்கியும் கருங்கல் அசரவில்லை. ஆனால் அதே கரையில் ஒரு வீட்டு மாடியிலோ லாட்ஜின் பின்சுவரிலோ தொங்கும் ஏசி மூன்று, நான்கு வருடத்திலேயே ஓட்டை விழுந்து நிற்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். மதுரையில் பத்து வருடம் ஓடும் அதே மாடல்தான். கன்னியாகுமரியின் வெயில் மதுரை வெயில் அளவுக்குக் கடுமையில்லை. இங்கே ஏசியைக் கொல்வது வெயில் அல்ல.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது நுரைக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கின்றன. வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளைக் காற்றில் வீசுகிறது. துளியில் இருக்கும் தண்ணீர் ஓரளவு ஆவியாகிப் போக, மிஞ்சிய உப்புத் துகள் காற்றோடு கரைக்குள் வருகிறது. பெரிய துகள்கள் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். பொடித் துகள்கள் கிலோமீட்டர் கணக்கில் போகும். கடற்கரையை ஒட்டிய தெருவுக்கும் அதற்கு நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கும் துருப் பிடிப்பதில் அவ்வளவு வித்தியாசம் இருப்பது இதனால்தான்.

சும்மா கிடக்கும் சுவர் மீது இந்தத் துகள் படிந்தால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் ஏசியின் வெளிப்பெட்டியான அவுட்டோர் யூனிட்டின் வேலையே காற்றை இழுத்து இழுத்துக் காயில் வழியாகத் தள்ளுவது. அதாவது, ஊர் உப்பையெல்லாம் தேடிப் பிடித்துத் தன் மீதே பூசிக்கொள்ளும் இயந்திரம் அது.

கடல் உப்பு என்பது சாப்பாட்டு உப்பு மட்டும் அல்ல. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். குமரிக் கரையில் காற்று அதைவிடக் காய்வது அபூர்வம். ஆகவே காயிலின் மேல் படிந்த உப்பு முழுதாக உலர்வதே இல்லை. எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் விளம்பரம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ‘நூறு சதவீதம் காப்பர் காயில்’ என்று போட்டிருப்பார்கள். குழாய் காப்பர்தான். ஆனால் அந்தக் குழாயைச் சுற்றி நெருக்கமாகச் செருகியிருக்கும் மெல்லிய தகடுகள், அதாவது ஃபின்கள், பெரும்பாலும் அலுமினியம். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, இரண்டையும் உப்புநீர் நனைத்தால் அது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் கரைந்து போவது எப்போதும் அலுமினியம். சாதாரணமாக அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஓர் ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காப்பாற்றும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தையே துளைத்துவிடும். செம்பு நல்ல உலோகம் என்பதில் சந்தேகமில்லை. கடற்கரையில் அதன் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் கேடு.

மூன்று வருடம் கடலைப் பார்த்து நின்ற ஒரு யூனிட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஃபின்களின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் லேசாகத் தடவினாலே தகடு அப்பளம்போல் நொறுங்கி உதிரும். அலுமினியம் முதலில் அரிபடுவது குழாயைக் கவ்வியிருக்கும் வளையத்தில்தான். அதனால் தகடு பார்வைக்கு நின்றுகொண்டிருந்தாலும் குழாயோடு அதற்குத் தொடர்பு அற்றுப் போயிருக்கும். குழாயின் சூடு தகட்டுக்கு வராது. தகட்டின் மேல் எவ்வளவு காற்று அடித்தும் பயனில்லை. சூடு வெளியேறாததால் உள்ளே அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், கரண்ட் பில் ஏறும், உச்சிவெயிலில் ட்ரிப் ஆகும்.

வீட்டுக்காரர் சொல்வது என்னவோ எப்போதும் ஒன்றுதான்: “கூலிங் இல்ல, கேஸ் ஏத்தினா சரியாயிரும்லா?” கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் ஆவியாகியும் திரவமாகியும் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் ஏற்றுவது காசையும் வாயுவையும் ஒன்றாகக் காற்றில் விடுவது. இப்போது வரும் ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32, கார்பன் டை ஆக்சைடைப்போல் 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதற்கு முந்தைய ஆர்-410ஏ 2,000 மடங்குக்கு மேல். அதோடு, ஃபின் அரிபட்டுக் கூலிங் போன யூனிட்டில் பல நேரம் கேஸ் சரியாகவே இருக்கும். எடை பார்க்காமல் மேலும் ஏற்றினால் அழுத்தம் இன்னும் கூடும், உள்ளதும் போகும்.

உலோகத்தைக் கடல் எப்படித் தின்கிறது என்பதை ஆராய நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, அதாவது சிக்ரிக்கு, மண்டபம் கடற்கரையில் ஒரு பிரிவு உண்டு. உலோகத் தகடுகளைச் சட்டத்தில் மாட்டிக் கடற்காற்றில் வைத்து, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பார்கள். பொறுமை வேண்டிய வேலை. எந்த ஊரில் அரிப்பு எவ்வளவு என்று காட்டும் இந்திய வரைபடத்தைத் தயாரித்ததும் இந்த நிறுவனம்தான்.

கல்லுக்கு மட்டும் உப்பு ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் திறந்த 133 அடி வள்ளுவர் சிலைக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை ரசாயனப் பூச்சு வேலை நடக்கிறது. அதற்கு முன்னால் சிலையைக் கழுவி, உடம்பு முழுக்கக் காகிதக் கூழை அப்புவார்கள். கல்லின் நுண்துளைகளில் ஏறியிருக்கும் உப்பைக் கூழ் உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். பிறகுதான் பூச்சு. உப்பை எடுக்காமல் மேலே பூசினால் பூச்சுக்கு அடியிலேயே அது வேலையைக் காட்டும் என்பது இதில் உள்ள பாடம். ஏசிக்கும் அப்படியே. அரிபட்ட காயிலின் மேல் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து ‘ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங்’ என்று காசு வாங்குவதை நான் நம்புவதில்லை.

புது ஏசி வாங்கும்போதே பூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு விஷயம். நீல நிற ஃபின், தங்க நிற ஃபின் என்று கடையில் காட்டுவது இதைத்தான். இவற்றில் பெரும்பாலும் தகட்டுச் சுருளுக்கு முதலிலேயே பூச்சு போட்டுவிட்டுப் பிறகு வெட்டித் துளை போடுகிறார்கள். வெட்டிய ஓரமும் துளையின் விளிம்பும் வெறும் அலுமினியமாகவே நிற்கும். உப்பு நுழைவது அந்த வழியாக. காயிலை முழுதாகச் செய்து முடித்த பிறகு பூச்சுத் தொட்டியில் முக்கி எடுக்கும் முறை இதைவிடப் பல மடங்கு நல்லது, விலையும் கூடும். கரையோரம் வீடு கட்டுபவர்கள் கேட்டு வாங்க வேண்டியது அதுவே. நீலமாக இருக்கிறதே என்று நிம்மதியாகிவிட முடியாது.

வீட்டு ஸ்பிளிட் ஏசிக்கு ஒரு சௌகரியம்: அரிப்புக்கு ஆளாகும் பாதிதான் வெளியே இருக்கிறது. செல்போன் கோபுரத்தின் அடியில் இருக்கும் சிறு அறைகளுக்கு மாட்டும் பேக்கேஜ் ஏசியில் கம்ப்ரசர், இரண்டு காயில்கள், ஃபேன்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள். பீரோ மாதிரியான அந்தப் பெட்டி வெளிச்சுவரிலேயே தொங்கும். அறைக்குள் தெரிவது குளிர்காற்று வருவதற்கும் போவதற்குமான இரண்டு ஜன்னல்கள் மட்டும். கேஸ் குழாயைத் தளத்தில் வைத்து இணைக்க வேண்டியதில்லை என்பது இதன் பலம். இரண்டு பெட்டிகளை மாட்டி மாற்றி மாற்றி ஓடவிடுவார்கள். ஒன்று படுத்தால் மற்றொன்று தாங்கும். தாங்கியே ஆக வேண்டும்: அறைக்குள் இருக்கும் ஈய அமில பேட்டரிகள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுளில் ஏறக்குறையப் பாதியை இழக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. இந்தப் பெட்டிகள் சிலவற்றில், வெளியே குளிர்ந்திருக்கும் நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு வெளிக்காற்றையே உள்ளே விடும் வசதியும் உண்டு. மலைநாட்டில் அருமையான வசதி. வட்டக்கோட்டை மாதிரிக் கரையில், உப்பை வரவேற்று சர்க்யூட் போர்டின் மேல் உட்கார வைப்பது போலாகிவிடும். அந்த வழியை மூடி வைப்பதே மேல்.

இனி, ஓட்டும் விதம். ஏசி வெப்பத்துக்காகப் பிறந்த கருவி அல்ல. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வரைந்த திட்டமே இன்றைய ஏசியின் தொடக்கம். குமரிக் கரைக்கு அந்தப் பழைய வேலைதான் இன்னும் முதல் வேலை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரியில், 55 சதவீத ஈரப்பதத்தில், 12 கிராம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர். அந்தக் காற்றிலிருந்து 400 மில்லிக்கு மேல் தண்ணீரைப் பிழிந்தெடுத்தால்தான் உடம்புக்கு இதமாக இருக்கும். கதவிடுக்கு வழியாக மணிக்கு ஒருமுறை அறைக்காற்று மாறினால், ஒவ்வொரு மணி நேரமும் இன்னொரு 400 மில்லி. ஆகவே ஜன்னல் இடுக்கை அடைப்பது 18 டிகிரி வைப்பதைவிடப் பலன் தரும்.

தேவைக்கு மீறிய டன்னில் ஏசி வாங்குவது இங்கே செய்யும் பெரிய தவறு. அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டுக் கம்ப்ரசர் நின்றுவிடும்; ஈரத்தை எடுக்க நேரமே கிடைக்காது. அறை சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும், பாயும் தலையணையும் நமுத்துப்போகும். மழை மாதங்களில் ரிமோட்டில் இருக்கும் ‘ட்ரை’ பொத்தானை அழுத்தினால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், காயில் நன்றாகக் குளிரும், ஈரம் கூடுதலாக வடியும். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு உள்ள ஏசிகள் ஆன் செய்தவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். ஈரம் வடிந்த அறையில் 26 டிகிரியும் சுற்றும் சீலிங் ஃபேனும் தாராளமாகப் போதும்.

கரண்ட் போய் வந்ததும் ஏசி உடனே குளிர் தரவில்லை என்று ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கம்ப்ரசரின் ஒரு பக்கம் அழுத்தம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். இரண்டும் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை காத்திருப்பது கருவியின் புத்திசாலித்தனம், கெடுத்துவிட வேண்டாம்.

பராமரிப்பில், உள்ளே இருக்கும் ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்ததே. கரையோரத்தில் அதைவிட முக்கியம் அவுட்டோர் யூனிட்டைக் குளிப்பாட்டுவது. மாதம் ஒருமுறை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மெல்லிய பூவாளித் தண்ணீராகக் காயிலில் விட வேண்டும். வண்டி கழுவும் பிரஷர் பம்ப்பை வைத்து அடித்தால் ஃபின்கள் மடங்கிக் காற்றே போகாது. பளபளவென்று நுரைத்து வரும் ஆசிட், காஸ்டிக் கலவைகளும் வேண்டாம். அந்த நுரையே அலுமினியம் கரைவதுதான்.

மழை படாமல் யூனிட்டுக்கு மேலே தகரக் கூரை போடுவது நம் வழக்கம். வெயில் தடுக்க அது சரி. ஆனால் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவ மழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் மழையே ஓசியில் கிடைக்கும் சர்வீஸ். மழை படாத இடத்தில் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.  கூரை போட்ட யூனிட்டைக் கையால் அடிக்கடி கழுவ வேண்டும். முடிந்தால் கடல் பார்க்காத சுவரில் மாட்டுவது நல்லது. அதற்காக நாலுபுறமும் அடைத்த சந்தில் செருகினால் தான் விட்ட சூட்டுக்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். இன்வெர்ட்டர் ஏசியாக இருந்தால் வயர் நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிட வேண்டும். கதகதப்புக்கு உள்ளே போகும் பல்லி, போர்டின் மேல் குறுக்கே படுத்துத் தானும் செத்து, பல ஆயிரம் ரூபாய் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கழுவுவதற்கு எந்தத் தண்ணீர்? கரையோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. குழாயில் வரும் நல்ல தண்ணீரை மாடிக்குச் சுமக்க மனம் வராது. விடை ஏசியிடமே இருக்கிறது. உள் யூனிட்டிலிருந்து டியூப் வழியாக வடிவது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய நீர். உப்பு ஏறக்குறைய இல்லை. ஈரமான இரவில் ஒன்றரை டன் ஏசி முழு வீச்சில் ஓடினால் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர்கூட வரும். டியூபின் கீழே ஒரு மூடியிட்ட கேன் வைத்து, சில நாள் சேர்ந்ததை எடுத்து ஊற்றினால் போதும். குடிக்க ஆகாது, தூசியும் பாசியும் காயிலின் செம்பும் அதில் சிறிது கலந்திருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமே என்று பலர் கேட்பதுண்டு. அதே செம்பும் தூசியும் பேட்டரிக்கும் ஆகாது. அதற்குக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், இதைக் காயிலுக்கு விடுங்கள்.