காம்பரா எங்கிருந்து வந்தது?

இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனையில் மழைக்கால மாலை. தேயிலை மலையிலிருந்து இறங்கிய பெண்கள், இடுப்பில் கட்டிய நனைந்த படங்கை அவிழ்த்து, இஸ்தோப்பு எனும் முன்திண்ணையின் ஆணியில் மாட்டுகிறார்கள். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, உள்ளே அடுப்பு புகைகிறது. "காம்பராவுக்குள்ள வா புள்ள, நனையாத" என்று ஒரு பாட்டியின் குரல்.

அதுதான் லயக்காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு, இரண்டு சொற்களை ஒட்டி எங்கள் மலையக மக்கள் வைத்த பெயர்.

லயம் என்றதும் பலருக்கும் குதிரை லாயம் ஞாபகம் வரும். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் நியாயம் உண்டு. ஆனால் சொல் பிறந்தது ஆங்கிலேயரின் 'லைன்' என்பதில். படைமுகாமில் சிப்பாய்களின் வரிசைக் குடிசைகளை அவர்கள் 'லைன்ஸ்' என்றார்கள். தோட்டத்து வரிசை வீடுகளுக்கும் அதே பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் 'பரேட்' என்ற படைச்சொல்தான்.

காம்பரா லயத்தைவிடப் பழசு. போர்த்துக்கேயரின் 'காமரா', சிங்களத்தில் 'காமரய'. இஸ்தோப்பு ஒல்லாந்தரின் 'ஸ்டூப்'. ஆச்சரியம் என்னவென்றால், அந்த இருவரும் இந்த மலைநாட்டை ஆண்டதே இல்லை. கண்டி இராச்சியம் 1815 வரை நின்றது. கரையோரத்தில் அவர்கள் விட்டுப்போன சொற்கள், மற்றவர் வாய்வழியாக மலையேறியிருக்க வேண்டும். ஊர்ப்பெயரில் உள்ள பத்தனையும் சிங்களம்தான், மலைப் புல்வெளி என்று பொருள். புல் போய்த் தேயிலை வந்தும் பெயர் நின்றுவிட்டது.

இந்தச் சொற்களுக்குத் தொலைதூரத்திலும் உறவுகள் உண்டு. பின்லாந்துக்காரர்கள் பஸ்ஸை 'லின்யா-ஆட்டோ' என்பார்கள். தடம், வண்டி என்று இரண்டு சொல் சேர்ந்தது. அந்த லின்யாவும் நம் லயமும் 'லீனியா' என்ற லத்தீன் சொல்லின் பிள்ளைகள். சிற்றறைக்கு அவர்கள் சொல்லும் 'கமரி', நம் காம்பராவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. படம் பிடிக்கும் கேமராவும் அதே குடும்பம்.

லயக்காம்பராவைக் கொச்சை என்று ஒதுக்கி 'வீடு' எனத் திருத்துபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் சுவரும் நிலமும் தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தன. அந்தச் செய்தி 'வீடு' என்ற சொல்லில் இல்லை.

இப்போது ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்துப் போன சிலர், லயம் என்ற சொல்லைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். ஆனால் காம்பராவும் இஸ்தோப்பும் அவர்கள் கூடவே போயிருக்கின்றன. நான் பார்த்த ஒரு புது இஸ்தோப்பில், வண்ணம் பூசும் முன்பே படங்கு மாட்ட ஆணி அடித்திருந்தார்கள்.