மண்ணுக்குள்ளே ஒரு மருந்துக்கடை!

அடைமழை பிடித்துக்கொண்டால், 'நாளைக்கு லீவு விடுவாங்களா?' என்று நீங்கள் காத்திருப்பீர்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களுக்கோ அதே மழை கவலையைக் கொண்டுவரும். அங்கே பல வீடுகளில் இருப்பது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு, மிதிபலகையை மிதித்துத்தான் பட்டுச்சேலை நெய்ய வேண்டும். மழை வலுத்தால் குழிக்குள் நீர் ஊறும், தறி நின்றுவிடும்.

ஈரம் இருக்கும் இடத்துக்கு அழைக்காமலே வரும் விருந்தாளி ஒன்று உண்டு. அதுதான் பூஞ்சை! ஊறுகாய் மேல் வெள்ளையாகப் படிவது, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், தோலில் வட்ட வட்டமாகப் படர்தாமரை எல்லாம் அதன் கைவரிசைதான். படர்தாமரை... என்ன அழகான பெயர்! அரிப்பு வந்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

இந்தப் பூஞ்சைகளோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய இந்திய விஞ்ஞானி எம்.ஜெ. திருமலாச்சார் (1914–1999). முதலில் பயிர்களைத் தாக்கும் துருநோய், கரிப்பூட்டை நோய்ப் பூஞ்சைகளை ஆராய்ந்தார். பிறகு, புனே அருகே பிம்ப்ரியில் 1954-இல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

'பாக்டீரியாவுக்குத்தான் மருந்து இருக்கிறதே, பூஞ்சைக்கு என்ன சிரமம்?' என்கிறீர்களா? பாக்டீரியா நமக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம். பூஞ்சையின் செல்லோ நம் செல்லைப் போலவே உட்கருவோடு அமைந்தது. அதைக் கொல்லும் பொருள் நம்மையும் பதம் பார்த்துவிடும்! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் செல்லின் உறையில் இருப்பது கொலஸ்ட்ரால். பூஞ்சையின் உறையில் எர்கோஸ்டெரால். எர்கோஸ்டெராலைக் கெட்டியாகப் பிடித்து, உறையைக் கெடுக்கும் பொருள் கிடைத்தால் போதும்.

அது எங்கே கிடைத்தது தெரியுமா? மண்ணில்! முதல் மழைக்கு ஒரு மண்வாசனை எழுமே, அதற்குக் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள்தான் இந்தப் பொருள்களைத் தயாரிக்கின்றன. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்மணிகள் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து 1950-இல் அறிவித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் நினைவாக அதற்கு 'நிஸ்டாடின்' என்று பெயர்.

திருமலாச்சார் குழுவினர் கண்டுபிடித்த நுண்ணுயிருக்குப் பிம்ப்ரியின் பெயரால் 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா' என்றே பெயரிட்டார்கள். அது தந்த மருந்துதான் 1961-இல் அறிவிக்கப்பட்ட 'ஹாமைசின்'. ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸின் முதல் எழுத்துகள் அந்தப் பெயரில் ஒளிந்திருக்கின்றன, பாருங்கள்! தோல் பூஞ்சைக்கு டெர்மோஸ்டாடின், பயிர்களுக்கு ஆரியோஃபங்கின் என்று மேலும் சில மருந்துகளும் அங்கிருந்து வந்தன.

இதில் ஒரு வேடிக்கை. அதே தொழிற்சாலையில் தயாரான பெனிசிலின், பூஞ்சையிடமிருந்து எடுத்து பாக்டீரியாவைக் கொல்வது. ஹாமைசினோ பாக்டீரியாவிடமிருந்து எடுத்து பூஞ்சையைக் கொல்வது!

பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத படர்தாமரை இன்று இந்தியாவில் பரவியிருக்கிறது. டாக்டரைப் பார்க்காமல் கடையில் வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் இதற்கு ஒரு காரணம். தடவியதும் அரிப்பு அடங்கும். பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் படர்ந்துகொண்டே இருக்கும்.