சாவு வீட்டுச் சிரிப்பு

வியாசர்பாடியில் ஒரு சாவு வீடு. நள்ளிரவு தாண்டிவிட்டது. பந்தலுக்குக் கீழே ஒரு டோலக், இறந்தவர் உட்கார்ந்து டீ குடித்த மர பெஞ்ச். அந்த பெஞ்சும் அன்று தாளக் கருவிதான். பாடியவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. இறந்தவரின் நல்ல குணங்களைச் சொல்லி எல்லோரையும் அழவைத்தார். அடுத்த அடியிலேயே, அவர் யார் யாரிடம் கைமாற்று வாங்கித் திருப்பித் தராமல் போய்ச் சேர்ந்தார் என்று பட்டியல் போட்டார். இறந்தவரின் மனைவியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இதுதான் மரண கானா. மெட்டு ஏதாவது பழைய சினிமாப் பாட்டில் கடன் வாங்கியதாக இருக்கும். சொல் அங்கேயே பிறக்கும். டோலக் இல்லையென்றால் தீப்பெட்டி போதும்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் கையறுநிலைத் துறைக்கு உதாரணம் கேட்டார்கள். எங்கள் தெருவில் கேட்டதைச் சொன்னோம். வகுப்பே சிரித்தது. அது வேறு சிரிப்பு.

சினிமா கானாவை வாழவைத்தது என்பார்கள். தேவா இசையில் அது ஊரெங்கும் ஒலித்தது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ கானா உலகநாதனையும், 2012இல் ‘அட்டகத்தி’ கானா பாலாவையும் தமிழகத்துக்குக் காட்டின. மகிழ்ச்சிதான். ஆனால் சினிமா பெரும்பாலும் காதல் தோல்வியையும் குடியையும் எடுத்துக்கொண்டு, சுடுகாட்டையும் சாதியையும் தெருவிலேயே விட்டுவிட்டது.

விட்டதை எடுத்துக்கொண்டு வந்தார்கள் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர். 2018 ஜனவரியில், கீழ்ப்பாக்கத்தில் கோட் சூட் போட்டு மேடையேறி, மாட்டுக்கறியையும் இட ஒதுக்கீட்டையும் நக்கலோடு பாடினார்கள். பெண்களை மட்டம் தட்டும் கானாக்களும் உண்டு. அவற்றுக்கு நாங்கள் வக்காலத்து வாங்க மாட்டோம். அந்தக் குழுவில் இசைவாணி பாடியதே அவற்றுக்குத் தக்க பதில்.

போன ஆண்டு கானா இரவு நடத்த ஒரு மண்டபம் கேட்டுப் போனோம். “டீசன்டான நிகழ்ச்சியா சார்?” என்றார் மேலாளர். அட்வான்சை எடுத்து நீட்டியும் வாங்கவில்லை. தெருவிலேயே நடத்தினோம். முதல் பாட்டே அந்த மேலாளர்மீதுதான்: அவருடைய நடை, பாக்கெட் சீப்பு, ‘டீசன்ட்’ என்று அவர் இழுத்த இழுவை. மிச்சமான வாடகையைப் பாடியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். பேரம் பேசாமல் கூலி வாங்குவது இதுதான் முதல்முறை என்றார் டோலக் அடித்தவர்.