கழுவக்கூடாத வெள்ளைக் கல்

பழைய மீர்ஷாம் சுங்கான் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் அதைக் கழுவத்தான் தோன்றும். உள்ளே கெட்டியான கரி, வெளியே பிசுபிசுப்பு, தலைமுறைகள் தாண்டிய புகையிலை வாடை. தயவுசெய்து கழுவாதீர்கள். ஏன் என்பது புரிந்துவிட்டால் மற்ற வேலைகளும் விளங்கிவிடும். அதனால் கல்லிலிருந்தே ஆரம்பிப்போம்.

மீர்ஷாம் என்பது செபியோலைட் என்னும் கனிமம். மெக்னீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்தது. சுங்கானுக்குப் பெயர்பெற்ற கல் துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் கிடைக்கிறது. பெரும் பாறையாக அல்ல, மண்ணுக்குள் உருண்டை உருண்டையாக. ஆழமாகக் குழி இறக்கி, பக்கவாட்டில் குடைந்து அதை எடுக்கிறார்கள். வெளியே வரும்போது ஈரமாக இருக்கும். கத்தி வைத்தால் சோப்புக்கட்டி போல வழுக்கிக்கொண்டு சீவும். அந்த ஈரத்திலேயே செதுக்கி, காயவைத்து, மெருகேற்றி, உருகிய தேன்மெழுகில் முக்கி எடுப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த வேலைக்குத் தலைநகரம் வியன்னா. குதிரைகள், வேட்டைக் காட்சிகள், பெண் முகங்கள் என்று அந்தக் கைகள் செதுக்காதது இல்லை.

காய்ந்த கல் முழுக்க நுண்துளைகள். மெழுகு ஏறாத துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், அவ்வளவு லேசு. அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கல் மறுபடி இளகும். செதுக்கலின் கூர்மை மழுங்கும், மெல்லிய இடங்கள் உடையும். மரச் சுங்கானுக்குள் உப்பை நிரப்பி ஸ்பிரிட் ஊற்றி ஊறவைக்கும் வழக்கம் உண்டு. அதையும் இங்கே செய்யக்கூடாது.

கரியை எடுப்பதுதான் முதல் வேலை. பிரையர் மரத்தில் செய்த சுங்கானில் மெல்லிய கரிப்படிவை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். மரம் தீய்ந்துபோகாமல் அது காக்கும். கல்லுக்கு அந்தக் காவல் தேவையில்லை. மாறாக, சூட்டில் கரி விரிந்து கிண்ணத்தை உள்ளிருந்தே பிளந்துவிடக் கூடும். ஆகவே கல் தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். கிண்ணத்தை ஒரு உள்ளங்கையில் முழுதாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முனை மழுங்கிய சிறு கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். கல்லை நெருங்கியதும் கத்தியை வைத்துவிட்டு, விரலில் சுற்றிய நைஸ் உப்புத்தாளுக்கு மாறிவிடுங்கள். புகை வரும் துளைக்குப் பஞ்சு சுற்றிய கம்பி போதும். ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, கம்பி சுத்தமாக வெளியே வரும்வரை திரும்பத் திரும்ப விடுங்கள். பிறகு நன்றாக உலரட்டும். அவசரப்பட்டால் கல் போய்விடும். போன கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது.

வெளிப்பக்கத்தில்தான் பலர் பாவம் செய்கிறார்கள். புதிதாக வெள்ளையாக இருந்த கல், புகைக்கப் புகைக்க மஞ்சளாகி, தேன் நிறமாகி, கடைசியில் செம்பழுப்பாகும். கழுத்திலும் கிண்ணத்தின் அடியிலும் முதலில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். இதற்கு வருடக்கணக்கில் ஆகும். இந்த நிறத்துக்காகவே மீர்ஷாமை விரும்பியவர்கள் ஏராளம். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து வெள்ளையாக்குகிறவர், யாரோ ஒருவருடைய வாழ்நாள் பழக்கத்தின் தடயத்தையே அழித்துவிடுகிறார். அழுக்கா நிறமா என்று பிரித்தறிவது சுலபம். சற்றே ஈரமான பஞ்சால் சிறிதளவு இடத்தை மட்டும் துடைத்து உடனே உலர்த்துங்கள். பஞ்சோடு வருவது அழுக்கு. வராமல் கல்லிலேயே நிற்பது நிறம், அதை விட்டுவிடுங்கள். அதன்பின் ஹேர் டிரையரால் கல்லை மெல்லச் சூடாக்கி வெள்ளைத் தேன்மெழுகைத் தடவுங்கள். 60 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் மெழுகு உருகிக் கல்லுக்குள் இறங்கும். ஆறியபின் பருத்தித் துணியால் துடைத்தால் பழைய பளபளப்பு எழுந்து வரும். அந்த நேரம் உண்மையிலேயே மனம் நிறையும்.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? புகையிலையின் தாரும் ஈரமும் மெழுகோடு சேர்ந்து கல்லுக்குள் இறங்குவதால். சுங்கானைச் சீர்செய்த கையோடு புகைக்கவும் பழகலாமா என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன். கல் உறிஞ்சியது போக மீதியை வாயும் தொண்டையும் வாங்கியிருக்கின்றன. நுரையீரலுக்குள் இழுக்காமல் வாயோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்தில்லை என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 1964ஆம் ஆண்டு அறிக்கையே சுங்கானுக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்திவிட்டது. புகையிலையைத் தளர்வாக அடைப்பது, மெதுவாக இழுப்பது, சூடேறாமல் பார்த்துக்கொள்வது என்று அதற்கென ஒரு பக்குவம் இருப்பது நிஜம். அந்தப் பக்குவத்தால் நாக்கு சுடாமல் இருக்கும்; நோய் வராமல் இருக்காது. சீர்செய்யுங்கள், பெட்டியில் வையுங்கள், பற்றவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி வாய்த்துண்டு. பழையவற்றில் அது அம்பராக இருக்கலாம், அதாவது மண்ணுக்குள் கெட்டிப்பட்டுப்போன ஆதிகால மரப்பிசின். இல்லையென்றால் பேக்கலைட்; அது 1907க்குப் பிறகு வந்தது. வாய்த்துண்டைக் கழுத்தோடு இணைக்கும் எலும்பு மரையைக் கழற்றிவிட்டு, 200 மில்லி தண்ணீரில் 70 கிராம் உப்பைக் கரைத்து அதில் போட்டுப் பாருங்கள். பேக்கலைட் மூழ்கும், அம்பர் மிதக்கும். வேறு சில பிளாஸ்டிக்குகளும் மிதக்கும் என்பதால், மிதப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். அம்பருக்கு ஸ்பிரிட் ஆகாது, மேற்பரப்பு மங்கிவிடும். எலும்பு மரை தேய்ந்து லொடலொடத்தால் மெல்லிய நூலை ஒரு சுற்றுச் சுற்றித் திருகுங்கள். இறுக்கித் திருகினால் கழுத்து வெடித்துவிடும்.

கழுத்தில் வெள்ளிப் பட்டை இருந்தால் பாலிஷ் போடுவதற்கு முன் லென்ஸ் வைத்துப் படியுங்கள். நங்கூர முத்திரை இருந்தால் வெள்ளி பர்மிங்காமில் சோதிக்கப்பட்டது. பக்கத்திலுள்ள ஓர் எழுத்து அந்த வருடத்தைச் சொல்லும். டயானா தேவியின் தலை இருந்தால் ஆஸ்திரியா–ஹங்கேரி வழக்கம், 1867க்கும் 1922க்கும் இடைப்பட்டது. இந்த முத்திரைகள் ஆழமில்லாதவை. அழுத்தித் தேய்த்தால் சுங்கானின் வயதைச் சொல்லும் சாட்சியும் தேய்ந்துபோகும்.